ஒரே இழுப்பு

மேகமலை எஸ்டேட் ஜீப் கீழே இறங்கினால் பீட்டர்ராஜ் கொட்டகைக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். சின்னமனூரிலிருந்து மலைப்பாதை பிரிகிற இடத்தில், வாய்க்கால் பாலத்தை ஒட்டி, நாலு கல்தூண் நட்டுத் தகரம் வேய்ந்த கொட்டகை, அதன் பின்னாலேயே வீடு. ‘மருந்தடிக்கும் மிஷின் ரிப்பேர் பார்க்கப்படும்’ என்று தகரத்தில் எழுதியிருக்கும். யார் பார்ப்பது என்று எழுதவில்லை. எழுதப்போனால் இரண்டு பெயர் எழுத வேண்டியிருக்கும். பீட்டர்ராஜுக்குத் தொழில் தெரியும், விரல் கிடையாது. வலது கையில் நாலு விரலும் பாதியோடு போய்விட்டன, இடது கையில் இரண்டு. கட்டைவிரல் மட்டும் இரண்டிலும் முழுசாக நின்றது. அவன் சொல்லச் சொல்ல ஸ்பேனர் பிடிக்கிறவள் அவன் பெண்டாட்டி ஞானசெல்வி.

எண்பத்தேழாம் வருஷத்து ஐப்பசி. நாலு நாளாக மழை விட்டுவிட்டு ஊற்றியது. ஈரக்காற்று பட்டாலே அவனுக்கு விரல் குத்தெடுக்கும். அதிலும் இல்லாத நுனிகள்தான் அதிகமாக வலிக்கும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவன் யாரிடமும் சொல்வதில்லை.

எஸ்டேட் டிரைவர் ஜேசுராஜ் முதுகில் மாட்டுகிற மிஷின் இரண்டைக் கொண்டுவந்து இறக்கினான். ஏலக்காய்ச் செடிக்கு மருந்தடிக்கிறவை. மேலெல்லாம் மலைச் சேறும் மருந்து வாடையும்.

“மச்சான், இந்தப் பெரிய சனியன் ஒரு வாரமா ஸ்டார்ட் ஆகாம உசிர எடுக்குது. கயித்த இழுத்து இழுத்துத் தோள்பட்டையே கழண்டு போச்சு. மழை வெறிக்கிற நேரத்துல அடிக்கலன்னா தொர என்னையக் கழட்டி எறிஞ்சிருவாரு.”

பீட்டர்ராஜ் பக்கத்தில் வந்து குனிந்தான். “இழுக்கையில கயிறு தெணறி வருதா, லொடக்குன்னு வருதா?”

“தெணறித்தான் வருது.”

“அப்ப எஞ்சினுல அமுக்கம் இருக்கு. பெட்ரோலு எறங்குதா?”

“எறங்குது. குழாயக் கழட்டிப் பாத்தேன்.”

“ஞானசெல்வி, பிளக்கக் கழட்டு.”

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் தையல் மிஷினுக்கு நூல் கோக்க மட்டும் தெரிந்தவள். இந்த இரண்டு வருஷத்தில் எந்த நட்டு இடம்புரி, எது வலம்புரி என்பதெல்லாம் கைக்கே தெரிந்துவிட்டது. பிளக்கைத் திருகி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டைவிரலால் நுனியைத் தடவிப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள்.

“நனைஞ்சு கெடக்குங்க. கரியா, வழவழன்னு இருக்கு. பெட்ரோல்ல கலக்குற எண்ணெ கூடிப்போச்சு.”

“எம்புட்டுடா ஊத்துன?” என்று கேட்டான் பீட்டர்ராஜ். குரல் மாறியிருந்தது.

“அளவு மூடிக்கு ஒண்ணுதான் மச்சான். புதுசா பிஸ்டன் போட்ட மிஷினாச்சேன்னு அப்பறம் ஒரு கை கூட…”

“ஏலே, ஒரு கை கூடன்னா என்னலே கணக்கு? ஒங்க வீட்டுக் கொழம்பாலே, ருசி பாத்து ஒரு கை ஊத்துறதுக்கு? எழுதிப் போட்டிருக்கான்ல அளவு? கண்ணு எங்கலே இருந்துச்சு?”

ஜேசுராஜ் வெலவெலத்துப் போனான். ஞானசெல்வியும்தான். ரோட்டில் மாடு பற்றிக்கொண்டு போன ஆள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்.

“என்ன மச்சான் இப்பிடிப் பாயுற? நம்ம பக்கம் ஊரு ஒலகமே அப்பிடித்தான ஊத்துது. புது பிஸ்டனுக்கு எண்ணெ ரெட்டிப்பு, கஞ்சம் பாக்காதலேன்னு மிலிட்டரிக்குப் போறதுக்கு முன்னாடி நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த.”

பீட்டர்ராஜ் வெளியே போய் மழையில் நின்றுகொண்டான். ஜேசுராஜ் ஞானசெல்வியைப் பார்த்தான். “அவுகளுக்குக் கை வலிண்ணே, மனசுல வச்சுக்கிராதீக. பொழுதுசாய வாங்க, ரெண்டும் ரெடியா இருக்கும்” என்று அவனை அனுப்பி வைத்தாள்.

பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு அளவாகக் கலந்து ஊற்றினாள். பிளக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பெட்ரோலில் அலசி, ஊதி, மாட்டினாள். கயிற்றை இழுத்தாள். இரண்டாம் இழுப்பில் மிஷின் அலறிக்கொண்டு எழுந்தது. அந்தச் சத்தம் கேட்டும் அவன் உள்ளே வரவில்லை.

அன்றைக்குச் சந்தை நாள். சந்தை நாளென்றால் சோணையம்மாள் வருவாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எரசக்கநாயக்கனூரிலிருந்து நடந்தே வந்து, கொண்டுவந்த காய்கறியை விற்று, மிச்சத்தில் ஒரு கை எடுத்துக்கொண்டு இந்தக் கொட்டகைக்கு வருவாள். அவள் மகன் கருத்தக்கண்ணன் பட்டாளத்தில் பீட்டர்ராஜ் இருந்த இடத்திலேயே இருந்தவன். வடக்கே பனிமலையில் இரண்டரை வருஷத்துக்கு முன்னால் காணாமல் போனான். அவன் ஓட்டிப்போன வண்டி மட்டும் ஆளில்லாமல் பனியில் கிடைத்தது. பட்டாளத்துக் காகிதத்தில் ‘காணாமல் போனவர்’ என்றுதான் இருந்தது. செத்துப்போனார் என்று இல்லை.

பகல் பன்னிரண்டு வாக்கில் வந்தாள். தலையில் கோணிச்சாக்கை மடித்து மழைக்குக் கொங்காணியாகப் போட்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்குப் பின்னால் மருமகள் பாண்டியம்மாளும் வந்து, உள்ளே வராமல் தூணோரம் நின்றாள்.

“ஆத்தா, கொத்தவரங்கா கொஞ்சம் வச்சிருக்கேன்” என்று ஞானசெல்வியிடம் கொடுத்துவிட்டு, வழக்கமான கல்லில் உட்கார்ந்தாள் சோணையம்மாள். மூச்சு வாங்கியது. அப்புறம் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“ஏய்யா, எம்மகன் போன வண்டி ஸ்டாட்டு ஆச்சுதான?”

“ஆச்சு ஆத்தா.”

“ஒரே இழுப்புல?”

“ஒரே இழுப்புல.”

அவள் முகம் தெளிந்தது. ஒவ்வொரு வாரமும் இந்த இரண்டு வார்த்தைக்குத்தான் அவள் அவ்வளவு தூரம் நடந்து வருவது. “அப்ப வண்டியில ஒரு கோளாறும் இல்ல. அவனாத்தான் எறங்கிப் போயிருக்கான். எறங்கிப் போனவன் எங்கனயோ இருக்கான். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளுக பிடிச்சு வச்சிருப்பாக. விடுற அன்னைக்கு வருவான். ஞாயித்துக்கிழம இவ அண்ணன் முத்துவீரன் கோம்பையிலருந்து வாராகளாம், இவளக் கூட்டிட்டுப் போக. பிள்ளையுமில்ல, புருசனுமில்ல, இங்கன எதுக்கு இருக்கணும்னு கேக்குறாக. நீ வந்து நாலு பேரு முன்னாடி சொல்லணும்யா. வண்டி ஸ்டாட்டு ஆச்சு, ஆளு உசிரோட இருக்கான்னு. விரலையே குடுத்துத் தேடுனவன் நீ. ஒஞ்சொல்ல யாரும் தட்ட மாட்டாக.”

அவன் தலையாட்டினான். அதைத் தவிர வேறு என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டிய தலை.

சோணையம்மாள் எழுந்து ரோட்டில் இறங்கியதும் பாண்டியம்மாள் ஒரு நிமிஷம் பின்தங்கினாள். அவள் பேசி பீட்டர்ராஜ் அதிகம் கேட்டதில்லை.

“அண்ணே, ஊருக்குள்ள வேற மாதிரி பேசுறாக. நல்லா இருக்குற வண்டிய விட்டுட்டு எறங்கிப் போனான்னா பட்டாளத்த விட்டு ஓடிட்டான்னுதான அர்த்தம்னு. தண்ணிக் கொழாயடியில மூஞ்சிக்கு நேராவே கேக்குறாக. எங்க அத்தைக்கு அவுக உசிரோட இருந்தாப் போதும். எனக்கு அது போதலண்ணே. நெசமாவே ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆச்சா?”

“ஆச்சும்மா” என்றான் அவன். அது நிஜம்தான். ஒரே இழுப்பில்தான் ஸ்டார்ட் ஆனது. அந்த நிஜத்தைப் போல ஒரு பெரிய பொய்யை அவன் வாழ்க்கையில் சொன்னதில்லை.

மத்தியானம் கருவாட்டுக் குழம்பும் சோறும். அவள் பிசைந்து வைத்தால் அவன் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவான். அன்றைக்கு நாலு கரண்டியோடு தட்டை நகர்த்திவிட்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டான். பெரியாற்றுத் தண்ணீர் செங்காவியாய்க் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது மிஷினின் பிளக் நடுவில் விரிசல் விட்டிருந்தது. புதிது போட வேண்டும். டப்பாவில் இல்லை. தேனிக்குப் போனால்தான் கிடைக்கும். அவனுடைய பட்டாளத்து டிரங்குப் பெட்டியில் பழசு கிழசு ஏதாவது கிடக்கும் என்று ஞானசெல்வி திறந்தாள். கம்பளிக் கையுறை, பதக்கம், ஒரு ஜெபமாலை, அடியில் ஒரு மூக்குப்பொடி டப்பா. ஆட்டிப் பார்த்தாள், இரும்புச் சத்தம் கேட்டது. உள்ளே இரண்டு பிளக். மருந்து மிஷினுக்குப் பொருந்தாத நீளமான திருகு மரை. ஒன்றைச் சுற்றி அழுக்குத் துணி நேர்த்தியாகச் சுற்றியிருந்தது. இன்னொன்று சும்மா கிடந்தது. இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காய்ந்துபோயிருந்தாலும், துணிக்கு வெளியே நீட்டிய நுனியிலும் காலையில் பார்த்த அதே கரி, அதே பிசுக்கு.

அவன் திரும்பி வந்தபோது அவள் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இது எந்த மிஷினுதுங்க?”

அவன் வாசல் நிலையிலேயே நின்றான்.

“இதுவும் எண்ணெ கூடுனதுதான?”

“ஆமா.”

“யாரு ஊத்துனது?”

அவள் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. அவன் பழக்கிவிட்ட வரிசைப்படி கேட்டாள். அமுக்கம், பெட்ரோல், பிளக், எண்ணெய். அந்த வரிசையில் அடுத்த கேள்வி அதுதான். பீட்டர்ராஜ் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். இரண்டரை வருஷமாகக் கோயிலில் பூசை பார்க்க வந்து, சாமியார் கொடுக்கிற நன்மை அப்பத்தை வாங்கப் போகாமல் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்து எழுந்து போகிற மனுஷன். ஏன் என்று அவளும் கேட்டதில்லை. அன்றைக்குச் சொன்னான்.

“அங்கன ரோடு கெடையாது, ஞானசெல்வி. எல்லாமே பனி. அதுல போறதுக்குன்னு ஒரு வண்டி. முன்னாடி சறுக்குப் பலகை ரெண்டு, பின்னாடி சக்கரத்துக்குப் பதிலா அகலமா ரப்பர் பட்டை. எஞ்சின் இந்த மருந்து மிஷினுக்கு அண்ணன்னு வச்சுக்க. இதே மாதிரி பெட்ரோல்ல எண்ணெ கலக்கணும், இதே மாதிரி கயித்த இழுக்கணும். ஆறு வண்டி. ஆறுக்கும் நாந்தான் மெக்கானிக். அதுல ஒண்ணு கருத்தக்கண்ணனோடது. அம்புட்டு பேருல நம்ம பக்கத்து ஆளு அவன் ஒருத்தன்தான். வெளக்கு வைக்கிற நேரத்துல வந்து ஒக்காந்து சின்னமனூரு வாழைப்பழத்தப் பத்திப் பேசிட்டுப் போவான். அவன் வண்டிக்குப் புதுசா பிஸ்டன் போட்டேன். மத்த அஞ்சுக்கும் புஸ்தகத்துல உள்ள அளவுதான் ஊத்துனேன். இவன் வண்டிக்கு மட்டும்…”

“ஒரு கை கூட.”

“ரெட்டிப்பா ஊத்துனேன். நம்ம பய வண்டி, நல்லா இருக்கட்டும்னு. இங்கன வெயில்ல, மலை ஏத்தத்துல மூச்சப் பிடிச்சு அடிக்கிற மிஷினுக்கு அது தாங்கும். புகையா வெளிய தள்ளிரும். அங்கன குளிரு. எண்ணெ தேனு மாதிரி ஆயிரும். மெதுவா ஊர்ந்து போனா எரியாது. பிளக்குல போய் அப்பிக்கிரும். எனக்குத் தெரியாமயா? படிச்சிருந்தேன். ஆனா கை பழகுன பழக்கத்துல ஊத்திருச்சு.”

மேலே இருந்த காவல் போஸ்டுக்கு மண்ணெண்ணெய் ஏற்றிக்கொண்டு இரண்டு வண்டி போயின. பனிக்காற்று கிளம்பியதும் முன்னால் போனது திரும்பிவிட்டது. பின்னால் போன கருத்தக்கண்ணன் வண்டி திரும்பவில்லை. மூன்று நாள் காற்று ஓயவில்லை. நாலாம் நாள் தேடிப் போனபோது வண்டி மட்டும் பனியில் பாதி புதைந்து நின்றது. மற்றவர்கள் கயிறு கட்டிக்கொண்டு ஆளைத் தேடிப் போனார்கள். வண்டியைப் பார்க்கச் சொல்லி பீட்டர்ராஜை அங்கேயே விட்டார்கள்.

“பிளக்கக் கழட்டினேன். கரி. ஸ்பேர் பிளக்கு வைக்கிற பெட்டியத் தொறந்தேன். அதுல ஒரு கரி பிளக்கு, துணி சுத்தி இருந்துச்சு. அவன் ஒரு தரம் மாத்தியிருக்கான். நான் எப்பிடிச் சொல்லிக் குடுத்தேனோ அப்பிடியே. கழட்டுனதத் தூக்கி எறியாத, துணி சுத்தி வச்சுரு, தேச்சுப் போட்டுக்கலாம்னு சொல்லியிருந்தேன். அந்தக் காத்துல, அந்தக் குளிர்ல அத சுத்தி வச்சிருக்கான். புதுசும் கொஞ்ச தூரத்துல அடைச்சுக்கிட்டு நின்னுருச்சு. அதுக்கு மேல ஸ்பேரு இல்ல. நடந்திருக்கான். அங்கன தரை பொளந்து கெடக்கும், மேல பனி மூடியிருக்கும். கால வச்சா போச்சு.”

ஞானசெல்வி அழவில்லை. “அப்பறம்?” என்றாள்.

“அப்பறம் எனக்குப் பயம் வந்துருச்சு. நானே கொன்னுட்டேன்னு எழுதுவாகளேன்னு. கையுறையக் கழட்டுனேன். அதப் போட்டுக்கிட்டு மரையில பிளக்கப் பிடிக்க முடியாது. டேங்குல இருந்ததக் கொட்டினேன். நான் கொண்டுபோன பெட்ரோல ஊத்துனேன். கார்பரேட்டரக் கழட்டித் தொடைச்சேன். புது பிளக்கு போட்டேன். அர மணி நேரம் இருக்கும். இரும்பத் தொட்டா தோலு ஒட்டிக்கிட்டு வரும் அங்கன. அப்ப வெறச்சுப்போன விரலத்தான் பின்னால வெட்டி எடுத்தாக. ஆபீசர் வந்து வண்டி எப்பிடின்னாரு. கயித்த இழுத்தேன். ஒரே இழுப்பு.”

மழை மறுபடியும் தகரத்தில் விழ ஆரம்பித்தது. அவள் அவன் கைகளைப் பார்த்தாள். இரண்டு வருஷமாகச் சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவி, சட்டைப் பொத்தான் மாட்டி விட்ட கைகள். மைக்கேல் சம்மனசு திருவிழாவில் சாமியார் மாலை போட்டு, கூட்டாளியைத் தேடி விரலைக் கொடுத்த வீரன் என்று மைக்கில் சொன்ன கைகள்.

“அப்ப இந்த விரலு அவுகளத் தேடிப் போகல.”

“இல்ல.”

“மறைக்கப் போனது.”

“ஆமா.”

அவள் எழுந்து உள்ளே போனாள். ராத்திரி வரை அவனிடம் பேசவில்லை. ஆனால் சட்டையைக் கழற்றிவிட்டாள், சோற்றைப் பிசைந்து வைத்தாள். படுக்கப் போகும்போது மட்டும், “ஞாயித்துக்கிழம நானும் வாரேன்” என்றாள்.

பூசை முடிந்து நேரே எரசக்கநாயக்கனூர் போனார்கள். சோணையம்மாள் வீட்டு முற்றத்தில் முத்துவீரனும் அவனோடு வந்த இரண்டு பெரியவர்களும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். தெருவாசிகள் ஏழெட்டுப் பேர் சுவரோரம் நின்றார்கள். சோணையம்மாள் பீட்டர்ராஜைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தாள்.

“வந்துட்டாரு பாருங்க. கேட்டுக்கங்க எல்லாரும். சொல்லுய்யா.”

பீட்டர்ராஜ் உட்காரவில்லை. ஞானசெல்வியைப் பார்த்தான். அவள் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து இரண்டு பிளக்கையும் கட்டிலின் மேல் வைத்தாள். அவன் ஆரம்பத்திலிருந்து சொன்னான். எண்ணெய் ஊற்றியது, பிளக் அடைத்தது, கருத்தக்கண்ணன் மாற்றியது, தான் மறைத்தது, ஒரே இழுப்பு. ஒன்றையும் விடவில்லை. தன்மேல் இரக்கம் வருகிற மாதிரி ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அந்த மட்டும் ஆண் பிள்ளைதான்.

முத்துவீரன் எழுந்து வந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். “எந்தங்கச்சி ரெண்டர வருசமா ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு பேரு வாங்கிட்டிருக்கா. நீ மாலை வாங்கிட்டிருந்தியாடா?” ஓங்கி ஒன்று விட்டான். பீட்டர்ராஜ் கையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தாலும் அந்தக் கையால் எதைத் தடுக்க?

“விடுண்ணே” என்றாள் பாண்டியம்மாள். கதவு நிலையிலிருந்து இறங்கி வந்து கட்டில் பக்கம் குந்தினாள். பிளக்கைத் தொடாமல் பார்த்தாள்.

“இதுல எது அவுக கழட்டி வச்சது?”

“துணி சுத்துனது.”

“இந்தத் துணி?”

“அவன் சுத்துனதுதான்மா. நான் பிரிக்கல.”

“கையுறையக் கழட்டிட்டுத்தான் சுத்தியிருப்பாகளா?”

“ஆமாம்மா. அதோட சுத்த முடியாது.”

அவள் அதை எடுத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அப்புறம் சுவரோரம் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். “ஓடிப்போறவன் இத இம்புட்டு பத்திரமா சுத்தி வச்சிட்டா போவான்? சொல்லுங்க, கொழாயடியில பேசுனவுக எல்லாம் இப்பச் சொல்லுங்க.” அதோடு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். இரண்டரை வருஷத்து அழுகை அது. அவ்வளவு நாளும் அழுவதற்கு அந்த வீட்டில் அவளுக்கு உத்தரவு இல்லை.

சோணையம்மாள் மட்டும் அசையாமல் நின்றாள். எல்லாரும் ஓய்ந்த பிறகு பீட்டர்ராஜிடம் வந்தாள்.

“எம்புட்டு குடுத்தாக ஒனக்கு?”

“ஆத்தா…”

“இவளக் கூட்டிட்டுப் போறதுக்காக ஒன்னையப் பிடிச்சு இப்பிடிச் சொல்லச் சொன்னாகளா? எத்தன சந்தைக்கு ஒங்கிட்ட வந்து கேட்டிருக்கேன்? ஒரு தரமாச்சும் மாத்திச் சொல்லியிருக்கியா? இன்னைக்குத்தான் பொய்யி சொல்ற. போய்யா. போயிட்டு வா.” அவள் கொல்லைப்பக்கம் போய் ஆட்டுக்குக் குழை ஒடிக்க ஆரம்பித்தாள்.

பாண்டியம்மாள் அந்த ஒற்றைப் பிளக்கை எடுத்துக்கொண்டு அண்ணனோடு சுருளி அருவிக்குப் போனாள். எரிக்க உடம்பில்லாத சாவுக்கு, அவன் கை கடைசியாகத் தொட்ட அதை வைத்துச் செய்ய வேண்டியதைச் செய்து, தாலியைக் கழற்றி இரண்டையும் தண்ணீரில் விட்டாள். பிறகு கோம்பைக்குப் போய்விட்டாள். சோணையம்மாள் சுருளிக்குப் போகவில்லை.

முத்துவீரன் கேட்டபடி நடந்ததைப் பட்டாளத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காகிதம் போனால் பதக்கம் போகலாம், பென்ஷன் போகலாம், ஆளையே கூப்பிட்டு விசாரிக்கலாம். எல்லாம் ஞானசெல்விக்குத் தெரியும். பேனா பிடிக்கிற விரல் அந்த வீட்டில் அவளுடையதுதான். அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். ‘விரல்கள் போனது ஆளைத் தேடும்போது அல்ல’ என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, “இதையும் எழுதணுமா?” என்று கேட்டாள்.

“எழுது.”

எழுதினாள். கையெழுத்துப் போட முடியாதவன் அடியில் கட்டைவிரலை உருட்டினான். பத்தாவது படித்த மனுஷனின் கைநாட்டு. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கண்ணீர் காகிதத்தில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த சந்தை நாளும் மழைதான். ஜேசுராஜ் வேறொரு மிஷினை இறக்கிவிட்டுப் போயிருந்தான். விஷயம் மலைக்கும் ஏறிவிட்டது போல. ‘மச்சான்’ என்று கூப்பிடாமல் சாமானை வைத்துவிட்டுப் போனான். ஞானசெல்வி கார்பரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பகல் பன்னிரண்டு மணிக்கு ரோட்டில் கொங்காணிச் சாக்கு தெரிந்தது.

சோணையம்மாள் வந்து ஞானசெல்வியிடம் நாலு பாகற்காயைக் கொடுத்தாள். கல்லில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“ஏய்யா, எம்மகன் போன வண்டி ஸ்டாட்டு ஆச்சுதான?”

ஞானசெல்வியின் ஸ்பேனர் நின்றது. பீட்டர்ராஜ் கிழவிக்கு எதிரே வந்து நின்றான்.

“ஆகல ஆத்தா. எண்ணெ கூடிப்போச்சு. நாந்தான் ஊத்துனேன். அவன் வர மாட்டான்.”

கிழவி முழுக்கக் கேட்டாள். கோபப்படவில்லை. முழங்காலைப் பிடித்து எழுந்து, சாக்கைத் தலையில் சரிசெய்துகொண்டாள்.

“சரிய்யா. அடுத்த சந்தைக்கு வாரேன். அதுக்குள்ள நல்லா யோசிச்சு வையி.”

பாலத்தைத் தாண்டி, வாய்க்கால் கரையோடு எரசக்கநாயக்கனூர்ப் பாதையில் அவள் நடந்து போனாள்.